தலைக்கணக்கும் வண்டிக்கணக்கும்: தென்னாப்பிரிக்கக் காவல்துறை பற்றி ஒரு மறுப்பு

தென்னாப்பிரிக்காவில் கொலையும் கொள்ளையும் பெருகியதற்குக் காவலர் போதாமையும் வண்டி போதாமையுமே காரணம் என்பது, ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, காவலர் சங்கம், குடியிருப்போர் குழு என வேறெதிலும் ஒத்துப்போகாத தரப்புகள் எல்லாம் ஒத்துப்போகும் மிகச் சில கருத்துகளுள் ஒன்று. அந்நாட்டின் காவல்துறை, இந்தியாவைப் போல மாநிலத்துக்கு ஒன்றாக இல்லாமல், ஒன்பது மாகாணங்களுக்கும் பொதுவான ஒரே தேசியப் படையாகப் பிரிட்டோரியாவிலுள்ள தலைமையகத்தின்கீழ் இயங்குவதால், மொத்தம் எத்தனை பேர், எத்தனை வண்டி, எந்த நிலையத்துக்கு எவ்வளவு என்பவற்றை எல்லாம் ஒரே தலைமையே முடிவுசெய்கிறது. 2011/12 நிதியாண்டில் (அங்கும் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிவதே) அமைச்சுப் பணியாளரையும் சேர்த்து அப்படையின் பலம் சுமார் 1,99,000. அவ்வாண்டில் பதிவான கொலைகள் சுமார் 15,600, அதாவது 1994க்குப் பின் கண்ட மிகக் குறைந்த எண்ணிக்கை. அடுத்த பத்தாண்டில் படை 1,80,000க்குக் கீழே இறங்கியது. மக்கள்தொகை ஐந்து கோடிச் சொச்சத்திலிருந்து ஆறு கோடியைத் தாண்டியது. ஊதியமின்றிப் பகுதிநேரம் உதவிவந்த துணைக்காவலர் கூட்டம் சில ஆயிரமாகக் கரைந்தது. 2022/23இல் கொலைகள் 27,494ஐத் தொட்டன. அவசர எண்ணான 10111ஐ அழைப்பவருக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ‘வண்டி இல்லை’ என்பதே.

இக்கருத்தின் வலுவான வடிவம் இது. இதிலுள்ள எண்கள் பொய்யல்ல. ஆள் குறைந்ததும் கொலை கூடியதும் நடந்தவையே. ஆயினும் ஆளும் வண்டியும் சேர்த்தால் கொலை குறையும் என்று இவற்றிலிருந்து பெறப்படும் முடிவு, காலவரிசைக்கும் நிலையங்களின் நடப்புக்கும் பொருந்தாதது மட்டுமன்று, படையை நடத்துவோரைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கும் வேலையையும் கமுக்கமாகச் செய்வது என்பதால் புள்ளிபுள்ளியாக மறுக்கத்தக்கது.

1. எந்த ஆண்டிலிருந்து எண்ணத் தொடங்குவது? 2011/12ஐ ஒரு முனையாகவும் 2022/23ஐ மறுமுனையாகவும் வைத்துக் கோடு கிழித்தால், ஆள் குறையக் குறையக் கொலை கூடுவது போலத் தெரியும். அதே கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் அத்தோற்றம் கலைகிறது. 1994/95இல் லட்சம் பேருக்கு 67 என்றிருந்த கொலை விகிதம் 2002/03இல் 47க்கு இறங்கியது. இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் பெரும்பகுதி ஆட்சேர்ப்பு நிறுத்திவைக்கப்பட்டுப் படை சுருங்கிக்கொண்டிருந்த காலம். அடுத்த ஒன்பது ஆண்டுகளில் படை சுமார் 1,32,000இலிருந்து 1,99,000 ஆக ஒன்றரை மடங்காயிற்று. கொலை விகிதம் 47இலிருந்து 30ஐ ஒட்டி வந்தது. கணக்கிட்டுப் பார்த்தால், ஆள் குறைந்த காலத்தில் விகிதம் ஆண்டுக்குச் சுமார் நான்கு விழுக்காடும், ஆள் குவிந்த காலத்தில் சுமார் ஐந்து விழுக்காடும் இறங்கியிருக்கிறது. அறுபத்தேழாயிரம் பேரைச் சேர்த்ததன் பலன் என்று காட்ட மிஞ்சுவது அந்த ஒரு விழுக்காடு. அதையும் 2000ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தோடு பங்குபோட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது, ஏனெனில் ஐந்து பெருநகரங்களின் பிணவறைப் பதிவுகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு, 2001 முதல் 2005 வரை 4,500க்கும் மேற்பட்ட உயிர்கள் அச்சட்டத்தால் தப்பின என்று மதிப்பிட்டுள்ளது.

ஏற்றத்தின் கதை இன்னும் மோசம். கொலைகள் திரும்பி ஏறத் தொடங்கியது படை தன் உச்சத்தில் நின்ற 2012/13இலேயே. 2018/19இல் படையில் இன்னும் சுமார் 1,92,000 பேர் இருந்தனர், அதாவது உச்சத்திலிருந்து நூற்றுக்கு நான்கு பேர்கூடக் குறையவில்லை. கொலைகளோ 21,022 ஆகி, நூற்றுக்கு முப்பத்தைந்து கூடியிருந்தன. மக்கள்தொகை வளர்ந்ததைக் கணக்கில் சேர்த்துத் தலைவீதம் பார்த்தால் இவ்விரு எண்களுக்கும் உள்ள தூரம் சுருங்கும் என்பது உண்மை; ஆனால் ஏற்றம் தொடங்கிய ஆண்டு அதனால் மாறிவிடாது. விளைவு முதலில் வந்து காரணம் பின்னால் வரும் கணக்கை எந்தத் திருத்தமும் காப்பாற்றாது.

2. ஐக்கிய நாடுகள் அவை வகுத்த விகிதம் என்று ஒன்று உண்டா? லட்சம் பேருக்கு 222 காவலர், அல்லது 450 பேருக்கு ஒருவர் என்ற எண் இந்தியச் செய்தித்தாள் வாசகருக்கும் பழக்கமானது. தென்னாப்பிரிக்க மேடைகளிலும் அது சட்டம்போல எடுத்துரைக்கப்படுகிறது. அவ்வாறு ஒரு விதியை அந்த அவை வகுத்ததே இல்லை. உலக அளவில் ஒரு சராசரி எடுக்கலாம். நிலப்பரப்பும் குற்றத்தின் தன்மையும் நாட்டுக்கு நாடு வேறாக இருக்கையில் அந்தச் சராசரி தேவையின் அளவுகோலாகாது. இதைவிட வேடிக்கை, அந்த எண்ணை ஏற்றுக்கொண்டாலும் ஆறு கோடிக்குச் சற்று மேற்பட்ட மக்களுக்குச் சுமார் 1,80,000 பேர் என்னும் தென்னாப்பிரிக்கக் கணக்கு அதற்குக் குறைவுபடுவதில்லை என்பது. அமைச்சுப் பணியாளரான ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைக் கழித்து, சீருடை அணியும் தகுதியுள்ளோரை மட்டும் எண்ணினால்கூட, விகிதம் அந்தக் கற்பனை விதியை ஒட்டியே வந்து நிற்கிறது.

3. இருக்கிற ஆள் எங்கே இருக்கிறார்? இவ்வினாவை எழுப்பாத எந்தப் பற்றாக்குறைக் கணக்கும் அரைக்கணக்கே. கேப் டவுனின் புறத்தே, நிறவெறி ஆட்சியின் கடைசிப் பத்தாண்டில் கறுப்பின மக்களைக் குடியமர்த்த உருவாக்கப்பட்ட காயெலிட்ஷா என்னும் டவுன்ஷிப்பில் (நகரத்துக்கு உழைப்பவரை நகரத்துக்கு வெளியே வைத்திருப்பதற்கென்று ஒதுக்கப்பட்ட குடியிருப்பு) 2011 கணக்கெடுப்பின்படி சுமார் நான்கு லட்சம் பேர் வாழ்ந்தனர். காவல் நிலையங்கள் மூன்று. காவல்துறையின் மீது நம்பிக்கையற்ற மக்கள் சந்தேகத்துக்குரியவர்களைத் தாமே பிடித்து அடித்தும் எரித்தும் கொன்ற நிகழ்வுகளில், 2011 ஏப்ரல் முதல் 2012 ஜூன் வரை 78 பேர் இறந்ததாகக் காவல்துறையே கணக்குக் கொடுத்தது. குடிமை அமைப்புகளின் முறையீட்டை ஏற்று மேற்குக் கேப் மாகாண முதல்வர் ஹெலன் ஜில்லே 2012இல் ஒரு விசாரணை ஆணையம் அமைத்தார். அதை நிறுத்தக் காவல்துறை அமைச்சர் அரசமைப்பு நீதிமன்றம் வரை சென்று 2013 அக்டோபரில் தோற்றார். முன்னாள் அரசமைப்பு நீதிபதி கேட் ஓ'ரீகனும் முன்னாள் தேசிய அரசு வழக்குத் தலைவர் வுசி பிகோலியும் நடத்திய அந்த ஆணையத்தின் அறிக்கை 2014 ஆகஸ்டில் வெளிவந்தது.

அவ்வறிக்கையின் மிகக் கூரிய பகுதி ஆள் பங்கீடு பற்றியது. ஒவ்வொரு நிலையத்துக்கும் எத்தனை பேர் தேவை என்பதைத் தலைமையகம் ஒரு சூத்திரத்தால் கணக்கிடுகிறது: பதிவான குற்றங்களின் எண்ணிக்கை முதலான வேலைப்பளுவும் சில சூழற்காரணிகளும் உள்ளே போடப்பட, ஒரு கோட்பாட்டுத் தேவை வெளியே வருகிறது, நிதிக்கு ஏற்ப அது வெட்டப்பட்டு நிலையத்தின் பணியிட எண்ணாகிறது. சூத்திரம் நடுநிலையானது போலத் தோன்றும். ஆனால் குற்றம் பதிவாவது எவரால்? காவல் நிலையத்துக்குப் போனால் பயனுண்டு என்று நம்புகிறவரால். காப்பீட்டுத் தொகை பெற வழக்கு எண் தேவைப்படுகிறவரால். குடிசையில் திருட்டுக் கொடுத்தவருக்கு இவ்விரண்டும் இல்லை. ஆகவே நம்பிக்கை இழந்த இடத்தில் பதிவு குறைகிறது, பதிவு குறைந்த இடத்தில் பணியிடம் குறைகிறது, பணியிடம் குறைந்த இடத்தில் நம்பிக்கை மேலும் குறைகிறது. செழிப்பான புறநகரில் இதே சக்கரம் எதிர்த்திசையில் சுழல்கிறது. கொலை ஒன்றே மறைக்க அரிதான குற்றம், ஏனெனில் பிணம் பதிவைக் கோரும். கொலை விகிதத்தை வைத்துப் பார்த்தபோது, மாகாணத்திலேயே தலைக்கு மிகக் குறைந்த காவலரைப் பெற்ற நிலையங்களுள் காயெலிட்ஷாவின் ஹராரே நிலையமும் (ஜிம்பாப்வேயின் தலைநகரன்று, அப்பெயர் தாங்கிய ஒரு பகுதி) நாட்டின் கொலைத் தலைநகர் என்று பெயர்பெற்ற நியாங்காவும் இருந்தன. கடற்கரை மாளிகைகள் நிறைந்த கேம்ப்ஸ் பே அவற்றைவிடப் பல மடங்கு பெற்றிருந்தது. 2018 டிசம்பரில் சமத்துவ நீதிமன்றம், இப்பங்கீடு கறுப்பின மக்களுக்கும் ஏழைகளுக்கும் எதிராக நியாயமற்ற பாகுபாடு காட்டுவது என்று தீர்ப்பளித்தது.

இங்கே பற்றாக்குறைவாதி ஒன்று சொல்லக்கூடும்: மொத்தம் கூடினால் எல்லா நிலையத்துக்கும் கூடுமே. கூடும், அதே விகிதத்தில் கூடும். பந்தியில் முதல் இலைக்கு நாலு கரண்டியும் கடைசி இலைக்கு அரைக் கரண்டியும் விழுவது சோறு குறைவு என்பதாலன்று. அண்டாவைப் பெரிதாக்கினால் முதல் இலைக்கு எட்டும் கடைசி இலைக்கு ஒன்றும் விழும், பரிமாறுகிறவரின் கை மாறும்வரை.

4. வண்டி எங்கே போகும்? வண்டிப் பற்றாக்குறை பற்றிய பேச்சு வண்டிகளை வாங்குவதோடு முடிந்துவிடுகிறது. அவை ஓடுவது பற்றி எழுவதில்லை. நாடாளுமன்றத்திலும் மாகாண அவைகளிலும் கேட்கப்பட்ட கேள்விகளுக்குக் காவல்துறை அளித்த பதில்களே, வண்டிகளில் கணிசமான பங்கு எந்த நாளிலும் பழுதுபார்ப்புக் கூடத்தில் முடங்கிக் கிடப்பதையும், ஓட்டுநர் உரிமம் இல்லாத காவலர்கள் படையில் இருப்பதையும் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. உதிரிப்பாகம் வாங்கும் ஒப்பந்தமும் மெக்கானிக்கும் கூடாமல் வண்டி மட்டும் கூடினால், கூடுவது பழுதுக் கூடத்தின் வரிசையே. பத்து வண்டியில் நான்கு நிற்கும் நிலையத்துக்கு இரண்டு புது வண்டி கொடுப்பதைவிட நின்றவற்றில் இரண்டை ஓடவைப்பது மலிவு. ஆனால் ஓடவைத்த பழைய வண்டிக்குச் சாவி வழங்கும் விழா கிடையாது.

ஓடுகிற வண்டியும் எவ்வளவு தூரம் ஓடும் என்பது அடுத்த கேள்வி. காயெலிட்ஷா போன்ற இடங்களின் குடிசைப் பகுதிகளில் தெருவில்லை, சந்துதான் உண்டு, விளக்கில்லை, வீட்டுக்கு எண்ணில்லை. அழைத்தவர் தம் இருப்பிடத்தைச் சொல்ல இயலாமலும், வந்த காவலர் வண்டியை விட்டு இறங்க அஞ்சியும் அழைப்பு வீணாகிறது. குடிசைப் பகுதிகளில் முறையான ரோந்து நடப்பதில்லை என்பதை ஆணையம் குறித்துக்கொண்டு, அவற்றுக்கெனத் தனி வழிகாட்டுதல் வேண்டும் என்றது. தேவை நடந்து செல்லும் ரோந்து. அதற்கு வேண்டுவது பயிற்சியும் துணையும் மாநகராட்சி நட்டுத் தரவேண்டிய விளக்குக்கம்பமும். வண்டி ரோந்தின் தடுப்பாற்றலைப் பற்றியே ஐயம் எழுந்து அரை நூற்றாண்டாகிறது: அமெரிக்காவின் கான்சாஸ் நகரில் 1972-73இல் பதினைந்து ரோந்துப் பகுதிகளை மூன்றாகப் பிரித்து, ஒன்றில் வழக்கமான வண்டி ரோந்தை நிறுத்தியும், ஒன்றில் இரண்டு மூன்று மடங்காக்கியும், ஒன்றில் முன்போல விட்டும் பார்த்தபோது, குற்றத்திலோ மக்களின் அச்சத்திலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அந்தச் சோதனையின் முறையைக் குறைகூறியோர் உண்டு. வண்டியைப் பெருக்கினால் குற்றம் குறையும் என்று அதிலிருந்து நிறுவியோர் இல்லை.

5. கொலைகாரன் அஞ்சுவது எதற்கு? தெருவில் எத்தனை சீருடை என்பதற்கு அன்று, தான் பிடிபடுவேனா என்பதற்கே. 2011/12இல் பதிவான கொலைகளில் துப்புத் துலங்கியவை சுமார் நூற்றுக்கு 31. 2022/23இல் அது சுமார் 12. படையின் அளவு பத்தில் ஒரு பங்கு குறைந்த காலத்தில் துப்புத் துலக்கும் திறன் பாதிக்கும் கீழே போயிற்று என்றால், அந்த வீழ்ச்சிக்கு ஆள்கணக்கில் விடை இல்லை. வேறு விடைகள் உண்டு. 2006இல் ஜாக்கி செலெபி தேசிய ஆணையராக இருந்தபோது, குடும்ப வன்முறை, குழந்தைப் பாதுகாப்பு, போதைப்பொருள் ஆகியவற்றுக்கான தனிப்பிரிவுகள் கலைக்கப்பட்டு, அங்கே பல்லாண்டு தேர்ச்சி பெற்ற துப்பறிவாளர் நிலையங்களுக்குச் சிதறடிக்கப்பட்டனர் (செலெபி பின்னர் 2010இல் ஊழல் வழக்கில் தண்டிக்கப்பட்டார்). குற்ற உளவுப் பிரிவின் தலைவர் ரிச்சர்ட் ம்ட்லூலி குற்றச்சாட்டுகளின் நடுவே பல ஆண்டு பதவியைப் பிடித்துக்கொண்டிருந்து, கடத்தல், தாக்குதல் குற்றங்களுக்காக 2020இல் ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். காயெலிட்ஷாவில் ஒரு துப்பறிவாளர் கையில் ஒரே சமயத்தில் நூற்றுக்கு மேல் ‘டாக்கெட்’ இருந்தன. டாக்கெட் என்பது வழக்கின் வாக்குமூலம், தடயம், குறிப்பு யாவும் அடங்கிய கட்டு, அது தொலைந்தால் வழக்கே தொலைந்தது.

தடய ஆய்வகத்தின் நிலை இதற்கெல்லாம் சிகரம். சான்றுப்பொருள்கள் எங்கே உள்ளன, எந்தக் கட்டத்தில் உள்ளன என்று தொடர்ந்து காட்டும் கணினி அமைப்பு, அதை வழங்கிய நிறுவனத்தோடு எழுந்த ஒப்பந்தப் பணத் தகராறில் 2020 ஜூனில் அணைக்கப்பட்டது. 2021இல் மரபணுச் சோதனைக்குக் காத்துக்கிடந்த மாதிரிகள் இரண்டு லட்சத்தைத் தாண்டின. வன்புணர்வு வழக்குகள் வாய்தாவுக்கு மேல் வாய்தாவாக நின்றன. அந்த மாதிரிகளில் ஒன்றைக்கூட ஆயிரம் புதிய ரோந்து வண்டிகள் அசைத்திருக்க இயலாது.

6. காவலர் என்பவர் ஓர் அலகா? தலைக்கணக்கு ஒவ்வொரு தலையையும் கூட்டல் குறியோடு எழுதுகிறது. கழித்தல் குறியோடு எழுதவேண்டிய தலைகளும் படையில் உண்டு. மக்கள் ஒப்படைத்தும் காவலர் கைப்பற்றியும் அழிப்பதற்காக வைக்கப்பட்டிருந்த துப்பாக்கிகளில் சுமார் 2,000ஐ, அக்கிடங்குக்குப் பொறுப்பான கர்னல் கிறிஸ்டியான் பிரின்ஸ்லூ இடைத்தரகர் வழியே கேப் டவுனின் கும்பல்களுக்கு விற்றார். 2016இல் அவருக்குப் பதினெட்டு ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அத்துப்பாக்கிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கொலைகளோடு தொடர்புபடுத்தப்பட்டன. துப்பாக்கி உரிம மோசடியில் காவலருக்குள்ள தொடர்பைத் துலக்கிக்கொண்டிருந்த துப்பறிவாளர் சார்ல் கின்னியர், தமக்கு அளிக்கப்பட்ட பாதுகாப்பு விலக்கிக்கொள்ளப்பட்ட நிலையில், 2020 செப்டம்பரில் தம் வீட்டு வாசலில் சுட்டுக்கொல்லப்பட்டார். இவ்விருவரும் தலைக்கணக்கில் ஆளுக்கு ஒன்று.

7. ஆய்வுகள் மறுதரப்பை ஆதரிக்கவில்லையா? அமெரிக்க நகரங்களை ஆராய்ந்த ஆரன் சால்ஃபின், ஜஸ்டின் மக்ரேரி முதலியோர் காவலர் கூடினால் கொலை குறைகிறது என்று நிறுவியுள்ளனர். அம்முடிவைத் தட்டிக்கழிப்பது நேர்மையன்று. ஆனால் அது, கொலைகளில் ஏறத்தாழ பாதியேனும் துலங்கும் நகரங்களில், சேர்க்கப்படும் அடுத்த காவலரால் விளையும் பலனை அளப்பது. எட்டில் ஒன்றே துலங்கும் இடத்துக்கு அதை அப்படியே தூக்கிவருவது, உரமிட்டால் விளைச்சல் கூடும் என்னும் உண்மையை விதைக்காத வயலுக்குச் சொல்வதாகும். தென்னாப்பிரிக்காவிலோ, 2019 ஜூலையில் அதிபர் ராமபோசா 1,320 படைவீரரைக் கேப் டவுனின் கும்பல் வன்முறைப் பகுதிகளுக்கு அனுப்பினார். அவர்கள் 2020 மார்ச் வரை இருந்தனர். கொலைகளில் நிலைத்த இறக்கம் ஏதும் வரவில்லை.

உண்மையான பற்றாக்குறை உள்ள இடங்கள் இல்லாமலில்லை. 2021 ஜூலையில் நாட்டில் மூண்ட கலவரத்தில் 354 பேர் இறந்தனர். காந்தியின் குடியிருப்பால் பெயர்பெற்று, கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழரின் வழித்தோன்றல்கள் இன்றும் திரளாக வாழும் டர்பனின் பீனிக்ஸ் பகுதியில், குடியிருப்போர் சாலைத்தடை போட்டுத் தாமே காவலைக் கையிலெடுத்ததில் 36 பேர் இறந்தனர். இறந்தோரில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். கூட்டங்களைக் கையாளப் பயிற்சி பெற்ற பொது ஒழுங்குப் பிரிவு அப்போது போதிய அளவில் இல்லை என்பது மெய். ஆனால் அதிபர் அமைத்த வல்லுநர் குழுவின் அறிக்கை உளவின் தோல்வியையும், கிடைத்த உளவைக் கொண்டு செயல்படாமையையும், அமைச்சருக்கும் தேசிய ஆணையருக்கும் இடையிலான பிணக்கையும் சேர்த்தே சுட்டியது. பொது ஒழுங்குப் பிரிவிலும் துப்பறிவாளர் பிரிவிலும் உள்ள குறைவு, 1,80,000 பேர் கொண்ட ஒரு படை தன் ஆளை எந்த வேலைக்கு வைத்திருக்கிறது என்பதன் விளைவு. ஏறத்தாழ 2,00,000 பேர் இருந்தபோதும் அக்குறைவு இருந்தது.

பொதுக்கருத்து தவறாயிருப்பதற்கு விலையுண்டு. காவல்துறையின் ஆண்டு நிதி 10,000 கோடி ராண்டைத் தாண்டிவிட்டது. அதில் முக்கால் பங்குக்கு மேல் ஊதியம். புதிதாகச் சேரும் ஒவ்வொருவரும் ஓய்வுபெறும்வரை சில பத்தாண்டுகளுக்கு அந்நிதியைக் கட்டிப்போடுவதால், நெருக்கடி வரும்போது வெட்டப்படுவது ஊதியமன்று. ஆய்வகமும் பயிற்சியும் பராமரிப்பும்தான். 2022 முதல் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேர் என்ற அளவில் ஆட்சேர்ப்பு மீண்டும் தொடங்கியது. ஜோகன்னஸ்பர்க்கை உள்ளடக்கிய கவுடெங் மாகாணம் அதற்குக்கூடக் காத்திருக்கவில்லை: 2023இல் வேலையற்ற இளைஞரில் சுமார் ஆறாயிரம் பேரைக் குறுகிய காலப் பயிற்சி கொடுத்துக் ‘குற்றத்தடுப்புக் காவலர்’ என்று சீருடை உடுத்தி, புது வண்டிகளோடு தெருவில் இறக்கியது. மக்கள் அவர்களுக்கு மாகாண முதல்வர் பன்யாசா லெசுஃபியின் பெயரால் ‘அமாபன்யாசா’ என்று பெயரிட்டனர். 2025இல், அப்படையை உருவாக்க மாகாணத்துக்குச் சட்ட அதிகாரமே இல்லை என்று மக்கள் குறைதீர் ஆணையம் கண்டறிந்தது. அப்படையைக் கலைப்பதாக மாகாண அரசு அறிவித்தது.